கேஸ் இப்போது யார் கையில்? குற்ற வழக்கில் காதில் விழும் சொற்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் நம் ஆட்களுக்கு அது பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே தோட்ட லயத்தில் ஒரு பையனைப் போலிஸ் பிடித்துக்கொண்டு போனால், பொழுது சாய்வதற்குள் சட்டம் பேசாத வாயே இருக்காது. ஜாமீன் இல்லாத செக்‌ஷனாம், அதனால் வரவே மாட்டான் என்பார் ஒருவர். ரிப்போர்ட் போட்டவரைச் சரிக்கட்டினால் கேஸ் குளோஸ் என்பார் இன்னொருவர். "ஒத்துக்கிட்டா ஃபைனோடு போயிடும்" என்று மூன்றாமவர் ஒரு யோசனை சொல்வார். மூன்றையும் நம்பிக் கெட்டுப்போன குடும்பங்கள் உண்டு.

நம் சட்ட அறிவில் பாதி தமிழ்ப் படம் போட்ட பிச்சை. அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 302 என்றால் கொலை, 420 என்றால் ஏமாற்று என்று படத்தில் கேட்ட எண்கள் இங்கேயும் பொருந்தும். நம்முடைய கானுன் கெசெக்சான், அதாவது தண்டனைச் சட்டம், 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழியில் வந்தது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் அந்த எண்களையே மாற்றிவிட்டார்கள். நம்மிடம் பழைய 302 இன்னும் உயிரோடு இருக்கிறது. எண் ஒத்துப்போகிறதே என்று நடைமுறையும் அப்படித்தான் இருக்கும் என நினைத்துவிடக் கூடாது. ரேமன் (விசாரணைக் காவல்), ஜாமீன், குற்றச்சாட்டு எல்லாமே இங்கே வேறு வழியில் நடக்கும்.

நான் வக்கீல் இல்லை. மலாய் பேசத் தயங்குபவர்களோடு போலிஸ் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் கூடப் போய் நிற்பவன். அங்கே நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்றுதான். எந்தச் சொல் காதில் விழுந்தாலும், "இப்போ முடிவு யார் கையில் இருக்கு?" என்று கேட்டுவிடுவது. போலிஸ், மாஜிஸ்திரேட், அரசு தரப்பு வழக்கறிஞர், தீர்ப்பு சொல்லும் நீதிபதி என்று நான்கு கைகள். தவறான கையிடம் போய்க் கெஞ்சுவதில்தான் நம் ஆட்களின் நேரமும் பணமும் போகிறது.

படி 1: ரிப்போர்ட்

கேஸ் பெரும்பாலும் போலிஸ் ரிப்போர்ட்டில் தொடங்கும். கொடுத்தவர் புகார்தாரர். அந்த ரிப்போர்ட்டை எடுத்து விசாரிப்பவர் ஐ.ஓ., விசாரணை அதிகாரி. அவர் சேர்க்கும் கோப்புக்குக் கெர்த்தாஸ் சியாசத்தான் என்று பெயர், சுருக்கமாக ஐ.பி. என்பார்கள். ரிப்போர்ட் எண்ணையும் ஐ.ஓ. பெயரையும் கைப்பேசி எண்ணையும் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குற்றங்களில் இரண்டு வகை. வாரண்ட் இல்லாமல் பிடிக்கக்கூடியது ஒன்று, பிடிக்க முடியாதது இன்னொன்று. கோயில் திருவிழாவில் கைகலப்பு, கன்னத்தில் அறை, உதட்டில் காயம் என்றால் அது செக்‌ஷன் 323. வேண்டுமென்றே காயம் விளைவித்தல். ஓராண்டு வரை சிறை, 2,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். இது இரண்டாவது வகை. அரசு தரப்பின் உத்தரவு இல்லாமல் போலிஸ் இதை முழுதாக விசாரிக்க முடியாது. அதனால்தான் சில ரிப்போர்ட்டுகளில் "ருஜுக் மாஜிஸ்திரேட்" என்று எழுதித் தருகிறார்கள். போலிஸ் கண்டுகொள்ளவில்லை என்று ஆத்திரப்படுவதற்கு முன், அங்கே எழுதியிருப்பதைப் படியுங்கள். மாஜிஸ்திரேட்டிடம் நேரில் போய் முறையிடுங்கள் என்பதுதான் அதன் பொருள். அதே சண்டையில் ஒருவன் பாராங் கத்தியை எடுத்து வீசியிருந்தால் செக்‌ஷன் 324. பத்து ஆண்டு வரை சிறை, உடனே பிடிக்கலாம்.

ரிப்போர்ட் கொடுத்தவர்களுக்கும் ஓர் உரிமை உண்டு, பலருக்கு அது தெரியாது. வாரண்ட் இல்லாமல் பிடிக்கக்கூடிய குற்றம் என்றால், ரிப்போர்ட் கொடுத்து நான்கு வாரம் கழிந்ததும் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு அது. எண்ணைக் குறிப்பிட்டு எழுதிப் பாருங்கள், பதில் வரும் வேகமே தனி.

படி 2: முதல் 24 மணி நேரம்

பிடித்தவுடன் ஏன் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கும் ஒரு வக்கீலுக்கும் தகவல் சொல்ல விட வேண்டும். இது அதே நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு. சில சூழ்நிலைகளில் உயர் அதிகாரி இதைத் தள்ளிப்போடலாம், ஆனால் அதற்குக் காரணம் வேண்டும். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். இதைக் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவே சொல்கிறது.

குடும்பம் அந்த இரவில் கேட்க வேண்டியது மூன்று: எந்த செக்‌ஷன், எந்த லோக்காப் (போலிஸ் காவலறை), நாளைக்கு எத்தனை மணிக்கு எந்தக் கோர்ட். பையன் குற்றவாளியா இல்லையா என்று கவுண்ட்டரில் நிற்கும் போலிஸ்காரரோடு வாதாடிப் பயனில்லை. அது அவர் கையில் இல்லை.

படி 3: ரேமன்

ரேமன் தண்டனை இல்லை. குற்றம் சாட்டியாகிவிட்டது என்றும் பொருள் இல்லை. விசாரணை முடியவில்லை, இன்னும் சில நாள் உள்ளே வைக்க அனுமதி வேண்டும் என்று போலிஸ் கேட்கிறது, மாஜிஸ்திரேட் நாள் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார். முடிவு மாஜிஸ்திரேட் கையில்.

நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவு அந்தக் கணக்குக்கு ஓர் உச்சம் வைத்திருக்கிறது. 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத் தண்டனை உள்ள குற்றமானால் முதல் முறை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் முறை 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ, அல்லது மரண தண்டனையோ உள்ள குற்றமானால் 7 நாள், மறுபடி 7 நாள். ஆகவே "ஏழு நாள் ரேமன்" என்று யாராவது சொன்னால், ஒரேயடியாகவா, நாலும் மூன்றுமாகவா என்று கேளுங்கள். பதிலை வைத்தே கேஸ் எவ்வளவு கனமானது என்று தெரிந்துவிடும்.

தேசிய சட்ட உதவி அறவாரியம் என்று ஒன்று 2012 முதல் செயல்படுகிறது. ஒய்.பி.ஜி.கே. என்று கேட்டால் தெரியும். ரேமன் நாளில் மலேசியக் குடிமக்களுக்கு இலவசமாக வக்கீல் வந்து நிற்பார். "நாள் அதிகம் வேண்டாம், இவன் ஒத்துழைக்கிறான், ஆஸ்துமா இருக்கிறது" என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல ஒரு வாய் கிடைக்கும். பையனுக்கு மருந்து மாத்திரை உண்டென்றால், காயம் பட்டிருக்கிறது என்றால், அதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். வெளியே வந்து காப்பிக் கடையில் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா என்ற 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிடித்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 28 நாள் வரை போலிஸே வைத்திருக்கலாம், ஜாமீன் விதிகளும் வேறு. குண்டர் கும்பல் வழக்குகளில் நம் பையன்கள் பெயர் அடிபடுவது இந்தச் சட்டத்தில்தான். அந்தச் சொல்லைக் கேட்டால் மேலே படிப்பதை நிறுத்திவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

படி 4: வாக்குமூலம்

சாட்சியாகக் கூப்பிட்டாலும் சரி, சந்தேக நபராக உட்காரவைத்தாலும் சரி, 112 வாக்குமூலம் என்று ஒன்றை எடுப்பார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் தன்னையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். "கோர்ட்டில் சொல்கிறேன்" என்பதுதான் அதற்கு வழக்கமான பதில்.

இங்கே ஒன்றை அடித்துச் சொல்கிறேன். நீங்கள் பேசிய மொழியிலேயே அதைப் படித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்து, அதற்கு அப்புறம்தான் கையெழுத்து வாங்க வேண்டும். தமிழில் பேசினால் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் குலை வெட்டிய ஒருவர், மலாயில் தட்டிய நான்கு பக்கத்தை "ஆமாம் ஆமாம்" என்று தலையாட்டிக் கைரேகை வைப்பதைப் பார்த்திருக்கிறேன். மரியாதைக்குத் தலையாட்டுகிற பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அந்த ஓர் அறையில் மட்டுமாவது அதைக் கழற்றி வைக்கலாம்.

சந்தேக நபர் போலிஸிடம் ஒத்துக்கொண்டதைக் கோர்ட்டில் அவருக்கு எதிராகப் பொதுவாகப் பயன்படுத்த முடியாது. 2007இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு நிலைமை இதுதான். ஆனால் அவர் காட்டிக்கொடுத்த இடத்தில் திருட்டுப் பொருள் கிடைத்தால் அந்தப் பகுதி உள்ளே வந்துவிடும். "எல்லாத்தையும் சொல்லிட்டேன், இனி தப்பிக்க முடியாது" என்று மனம் உடைய வேண்டியதில்லை. "சொன்னது எதுவும் செல்லாது" என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது.

படி 5: கோப்பு டி.பி.ஆர். மேசைக்குப் போகிறது

ஊரே தவறாகப் புரிந்துவைத்திருக்கும் படி இது. குற்றம் சாட்டுவது போலிஸ் இல்லை. அரசியலமைப்பின் 145ஆவது பிரிவு, ஒரு குற்ற வழக்கைத் தொடங்கவும் நடத்தவும் நிறுத்தவும் உள்ள அதிகாரத்தைச் சட்டத்துறைத் தலைவருக்குக் கொடுத்திருக்கிறது. பப்ளிக் பிராசிகியூட்டர் அவர்தான். அவர் சார்பில் கோர்ட்டில் நிற்பவர் டி.பி.ஆர்., நம் பத்திரிகைகள் அரசு தரப்பு துணை வழக்கறிஞர் என்று எழுதும். ஐ.ஓ. கோப்பை அனுப்புவார். டி.பி.ஆர். படித்துப் பார்த்து, குற்றம் சாட்டலாம் என்பார், இன்னும் விசாரி என்பார், அல்லது என்.எஃப்.ஏ. என்று எழுதுவார். அதாவது மேல் நடவடிக்கை இல்லை. என்.எஃப்.ஏ. நிரந்தரப் பூட்டு இல்லை, புதுச் சாட்சியம் கிடைத்தால் கோப்பைத் திறக்கலாம்.

கேஸ் புகார்தாரருடையது இல்லை என்பது இதிலிருந்தே புரியும். "ரிப்போர்ட்டை மீட்டுக்கிட்டேன்" என்று இன்னொரு ரிப்போர்ட் போடலாம். டி.பி.ஆர். அதைப் படிப்பார், சில வேளை கணக்கிலும் எடுப்பார். கட்டுப்பட வேண்டும் என்று இல்லை. 323 மாதிரிச் சில சின்னக் குற்றங்களில் இரு தரப்பும் சமாதானமாகப் போகச் சட்டத்திலேயே வழி உண்டு. கேஸ் கோர்ட்டில் இருந்தால் அதற்குக் கோர்ட்டின் சம்மதம் வேண்டும். மற்றபடி, புகார்தாரர் வீட்டுக்குப் போய்க் காசு கொடுத்துப் பேசுவதும் மிரட்டிப் பேசுவதும் புதிதாக ஒரு கேஸை வாங்கிவரும் வேலை. 506 என்று மிரட்டலுக்கு ஒரு செக்‌ஷன் தயாராக இருக்கிறது. கொல்வேன் என்று மிரட்டினால் ஏழு ஆண்டு வரை போகும்.

ரேமன் முடிந்தும் டி.பி.ஆர். முடிவு வரவில்லையென்றால் பையனைப் போலிஸ் ஜாமீனில் விடுவார்கள். சொன்ன தேதியில் நிலையத்துக்குப் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்துவிட்டான் என்பதால் கேஸ் முடிந்தது என்று கோழி அறுத்துப் படைத்தவர்களையும் தெரியும். கோப்பு அப்போதும் ஷா ஆலாமிலோ கோல சிலாங்கூரிலோ ஒரு மேசையில் இருந்திருக்கும்.

படி 6: குற்றச்சாட்டுத் தாளைப் படிப்பது எப்படி

பெர்த்துடுஹான் என்பது இந்தத் தாள்தான். ஒரு பத்தி, நீளமான ஒரே வாக்கியம். இப்படி ஓடும்: "பஹாவா காமு படா... ஜாம் லெபே குராங்... டி லாடாங்... டி டாலாம் டேரா கோல சிலாங்கூர்..." அதாவது நீ, இன்ன தேதியில், ஏறக்குறைய இன்ன மணிக்கு, இன்ன தோட்டத்தில், கோல சிலாங்கூர் மாவட்டத்தில், இன்னாருக்குச் சொந்தமான இன்ன பொருளைத் திருடினாய், ஆகவே தண்டனைச் சட்டத்தின் இன்ன செக்‌ஷனின் கீழ் தண்டிக்கத்தக்க குற்றம் செய்தாய். தேதி, நேரம், இடம், பொருள், செக்‌ஷன். இந்த ஐந்தையும் பென்சிலால் வட்டம் போட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் பையன் ஆலையில் ஷிஃப்ட்டில் இருந்தான் என்றால் வக்கீலிடம் உடனே சொல்ல வேண்டியது அதுதான். வேறு இடத்தில் இருந்தேன் என்ற வாதத்துக்கு விசாரணை தொடங்கும் முன்பே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கடைசி நாளில் சாட்சியைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஏற்கமாட்டார்கள்.

ஓர் உதாரணத்தோடு போவோம். கற்பனைதான், ஆனால் நம் பக்கம் எல்லாருக்கும் புரியும். இரவில் தோட்டத்திலிருந்து செம்பனைக் குலைகளை ஒரு சின்ன லோரியில் ஏற்றிப் போகிறார்கள், வழியில் போலிஸ் மடக்குகிறது. லோரியில் மூன்று பேர். குலையை வெட்டி ஏற்றியவன் ஒருவன். லோரி ஓட்டியவன் இன்னொருவன். மூன்றாமவன், "தம்பி, லைட்டா ஒரு வேலை, வா" என்று கூப்பிட்டதால் கூட வந்த தம்பி.

வெட்டியவனுக்கு 379, திருட்டு. ஏழு ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். லோரி ஓட்டியவனுக்கு அதே 379 வரலாம், அல்லது 411 வரலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே, அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும், கையில் வைத்திருப்பது 411. ஐந்து ஆண்டு வரை சிறை. இந்த இரண்டாவது செக்‌ஷனில் கேஸே அந்த ஒரு வரியில் நிற்கிறது: அவனுக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா? இரவு இரண்டு மணிக்கு, விளக்கை அணைத்துக்கொண்டு, பர்மிட் இல்லாமல், சந்தை விலையில் பாதிக்கு வாங்கும் இடத்துக்கு ஓட்டிப் போனான் என்றால் "தெரியாது" என்ற பதில் நிற்காது. பகலில், வழக்கமாகக் குலை எடுக்கும் கொந்திராக் (ஒப்பந்த) லோரியில், சீட்டோடு போனான் என்றால் கதை வேறு. டி.பி.ஆர். இரண்டையும் சேர்த்தே போடலாம், 379 நிற்கவில்லையென்றால் 411 என்று. அதை மாற்றுக் குற்றச்சாட்டு என்பார்கள். இரண்டு குற்றம் செய்தான் என்று இதற்குப் பொருள் இல்லை.

கூட வந்த தம்பிக்கு? அவன் தாளின் கடைசியில் "செக்‌ஷன் 34உடன் சேர்த்து வாசிக்கப்பட்டது" என்று இருக்கும். பொது நோக்கம். பலர் ஒரே எண்ணத்தோடு சேர்ந்து செய்தால் ஒவ்வொருவரும் தனியாகச் செய்த மாதிரியே கணக்கு. வெறுமனே பக்கத்தில் நின்றது மட்டும் போதாது, அந்த எண்ணத்தில் பங்கு இருந்தது என்று அரசு தரப்பு காட்ட வேண்டும். ஆனால் அதை நேரடியாகக் காட்ட வேண்டியதில்லை, நடந்துகொண்ட விதத்திலிருந்தே ஊகிக்கலாம். டார்ச் பிடித்தவன், காவலுக்கு நின்றவன், குலை தூக்கியவன் எல்லாம் மாட்டிக்கொள்வார்கள். நம் பையன்களை அதிகம் உள்ளே தள்ளியது இந்த 34 என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. "நான் ஒண்ணும் பண்ணல, சும்மா கூட நின்னேன்" என்பதை அவர்கள் தப்பிக்கும் வழியாகச் சொல்கிறார்கள். டி.பி.ஆர். காதில் அது "அங்கே இருந்தேன்" என்றே விழும்.

போதைப்பொருள் வழக்கிலும் இதே மாதிரி செக்‌ஷன்தான் தலைவிதி. 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தில் சும்மா வைத்திருப்பது ஒன்று, கடத்தல் என்ற 39பி வேறொன்று. ஹெராயின் 15 கிராமோ அதற்கு மேலோ, கஞ்சா 200 கிராமோ அதற்கு மேலோ, ஷாபு (மெத்தம்பெட்டமின்) 50 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் கடத்தல் என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகத்தை உடைப்பது குற்றம் சாட்டப்பட்டவர் பாடு. கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4 முதல் இல்லை, நீதிபதி எடைபோட்டு முடிவு செய்யலாம். ஆனால் மரண தண்டனையே போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 7: முதல் நாள் கோர்ட்

பெயர் கூப்பிடுவார்கள். கூண்டில் நிற்பவர் இனி ஓ.கே.டி., குற்றம் சாட்டப்பட்டவர். தமிழில் வேண்டும் என்று கேட்டால் ஜுருபஹாசா, மொழிபெயர்ப்பாளர், தமிழில் படித்துச் சொல்வார். அப்புறம் வருகிற கேள்விக்கு இரண்டே பதில்: மெங்காக்கு சாலா, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அல்லது மிந்தா டிபிச்சாரா, விசாரணை கோருகிறேன்.

ஒப்புக்கொண்டால் என்ன நடக்கும்? அதோடு முடியாது. தன்மையும் விளைவும் புரிகிறதா, என்ன தண்டனை வரலாம் தெரியுமா என்று நீதிபதி கேட்பார். டி.பி.ஆர். கேஸின் விவரத்தைப் படிப்பார், ஃபாக்தா கேஸ் என்பார்கள். அதையும் ஒன்று விடாமல் ஒத்துக்கொள்ள வேண்டும். "ஆமாம், ஆனா நான் வெட்டல, ஓட்டினது மட்டும்தான்" என்றால் ஒப்புதல் செல்லாது, விசாரணைக்குப் போய்விடும். அது நல்லதே. எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டால் குற்றவாளி என்ற பதிவு வந்துவிடும். அதன்பிறகு தண்டனைக் குறைப்பு வாதம், மிடிகாசி. முதல் குற்றம், வயதான தாய், நிலையான வேலை, முதலாளி கடிதம், பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுத்த ரசீது. "இனி செய்யமாட்டேன் ஐயா" என்ற ஒரு வரியை விடக் கையில் இருக்கும் ஒரு காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

"ஒத்துக்கிட்டா ஃபைனோடு போயிடும்" என்று சொல்லும் ஆலோசகர் யாரும் கோர்ட்டுக்குக் கூட வருவதில்லை. 420க்குக் குறைந்தது ஓராண்டு சிறையும் பிரம்படியும் உண்டு. அதற்கு அபராதத்தோடு போகும் வழியே இல்லை. செக்‌ஷனைப் பார்த்து, "அல்லது அபராதம்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள். வக்கீல் இல்லையென்றால், வக்கீல் வைக்கத் தேதி வேண்டும் என்று கேட்கலாம். அதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள். ஒய்.பி.ஜி.கே. விசாரணைக்கும் வரும், ஆனால் வருமான வரம்பு உண்டு. மரண தண்டனை வழக்கானால் கோர்ட்டே வக்கீலை நியமிக்கும்.

விசாரணை கோரினால் அடுத்த பேச்சு ஜாமீன். "ஜாமீன் இல்லாத குற்றம்" என்ற சொல் இங்கே எத்தனையோ தாய்மார்களை மயங்கி விழவைத்திருக்கிறது. ஜாமீன் கேட்டு வாங்கும் உரிமையாக இல்லை, கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதி விருப்பம் என்பதே அதன் பொருள். திருட்டு 379 அந்த வகைதான். அதில் தினமும் ஜாமீன் கொடுக்கிறார்கள். மரணமோ ஆயுள் சிறையோ வரக்கூடிய குற்றத்தில்தான் கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கும். அங்கேயும் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், பெண், நோயாளி என்றால் நீதிபதி யோசிக்கலாம். ஜாமீன் தொகை தண்டனையாக இருக்கக் கூடாது. டி.பி.ஆர். ஒரு தொகை சொல்வார், குறைத்துக் கேட்கலாம், சம்பளச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

பணம் கட்டுபவர் பெஞ்சாமின், ஜாமீன்தாரர். பொறுப்பு அவர் தலையில். பையன் தேதிக்கு வரவில்லையென்றால் வாரண்ட் அவன்மேல், நஷ்டம் இவருக்கு. நட்புக்காக யாரையாவது நிறுத்தாதீர்கள். பையனைக் காலையில் எழுப்பிக் கோர்ட்டுக்குக் கூட்டிவரக்கூடியவரை நிறுத்துங்கள்.

பிள்ளை 18 வயதுக்குக் கீழே என்றால் சிறார் சட்டம் 2001இன் கீழ் சிறார் நீதிமன்றம். அங்கே சமூகநல அதிகாரி குடும்ப நிலையைப் பற்றி அறிக்கை எழுதுவார், வீட்டுக்கு வந்தால் நன்றாகப் பேசுங்கள். பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது. சொந்த சித்தப்பாவே வாட்ஸ்ஆப்பில் போட்டாலும் குற்றம்தான்.

படி 8: செபுதான், செபுதான், செபுதான்

செபுதான் விசாரணை நாள் இல்லை. கேஸைக் கூப்பிட்டு, இரசாயனத் துறை அறிக்கை வந்ததா, வக்கீல் வந்தாரா, ஆவணம் கொடுத்தாச்சா என்று பார்த்து அடுத்த தேதி போடும் நாள். பத்து நிமிடத்தில் முடியும், அதற்காக ஒரு நாள் சம்பளம் போகும். போகாமல் இருக்க மட்டும் முடியாது.

இந்தக் கட்டத்தில் இரண்டு வேலை உண்டு. ஒன்று, விசாரணை தொடங்கும் முன் அரசு தரப்பு தான் காட்டப்போகும் ஆவணங்களையும் ரிப்போர்ட் நகலையும் கொடுக்க வேண்டும், 51ஏ பிரிவு. வக்கீல் வாங்கிவிட்டாரா என்று கேளுங்கள். இரண்டு, ரெப்ரெசென்தாசி. குற்றச்சாட்டைக் கைவிடுங்கள், அல்லது 379ஐ 411ஆக மாற்றுங்கள் என்று காரணங்களோடு அரசு தரப்புக்கு எழுதும் கடிதம். நீதிபதிக்கு எழுதுவது இல்லை. செக்‌ஷனை மாற்றுவது அவர் வேலை இல்லையே. இதோடு தண்டனைப் பேரம் என்று ஒன்றும் சட்டப்படி உண்டு. ஒப்புக்கொண்டால் உச்சத் தண்டனையில் பாதிக்கு மேல் போகாது என்று பேசி முடிக்கலாம். பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது.

படி 9: விசாரணை

முதலில் அரசு தரப்புச் சாட்சிகள். அவர்கள் முடித்ததும் நீதிபதி ஒரு கேள்விக்குப் பதில் சொல்வார்: பிரிமா ஃபேசி இருக்கிறதா? முகாந்திரம் உண்டா என்பதே கேள்வி. எதிர்த்தரப்பு எதுவுமே பேசாவிட்டால் இந்தச் சாட்சியத்தை வைத்துக் குற்றவாளி என்று சொல்ல முடியுமா என்று பார்ப்பார். முடியாது என்றால் அங்கேயே விடுதலை. முடியும் என்றால் "பேலா டிரி"க்கு அழைக்கப்படுவார், தற்காப்பு வாதம். பத்திரிகையில் "எதிர்வாதம் புரிய உத்தரவு" என்று வந்தால் ஊரில் தோற்றுவிட்டான் என்று பேசுவார்கள். இல்லை, பாதி ஆட்டம்தான் முடிந்திருக்கிறது.

தற்காப்பில் மூன்று வழி: சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து பேசலாம், அப்போது டி.பி.ஆர். குறுக்கு விசாரணை செய்வார். நிற்கும் இடத்திலிருந்தே சத்தியமில்லாமல் சொல்லலாம், குறுக்கு விசாரணை இல்லை, மதிப்பும் குறைவு. பேசாமலும் இருக்கலாம். எதைத் தேர்வது என்பது வக்கீலோடு கலந்து பேச வேண்டியது.

கடைசியில் அளவுகோல், நியாயமான சந்தேகத்துக்கு அப்பால். அரசு தரப்புதான் நிரூபிக்க வேண்டும். ஓ.கே.டி. நிரபராதி என்று நிரூபிக்க வேண்டியதில்லை, நியாயமான ஒரு சந்தேகத்தை எழுப்பினால் போதும். ஜூரி கிடையாது, 1995 முதல் நீதிபதி மட்டும்தான்.

எந்தக் கோர்ட் என்பதும் கேஸின் எடையைச் சொல்லும். மாஜிஸ்திரேட் கோர்ட் பொதுவாக ஐந்து ஆண்டு சிறை, 10,000 வெள்ளி அபராதம் வரை தண்டனை கொடுக்கும். செஷன்ஸ் கோர்ட்டில் மரண தண்டனைக் குற்றம் தவிர எல்லாமே வரும். மரண தண்டனை வரக்கூடிய குற்றம் உயர்நீதிமன்றத்தில், நம் பகுதிக்கு ஷா ஆலாமில்.

படி 10: முடிவுச் சொற்கள்

விடுதலையில் இரண்டு வகை. டிலெப்பாஸ் டான் டிபேபாஸ் என்றால் முழு விடுதலை. அதே குற்றத்துக்கு மறுபடி இழுக்க முடியாது, அரசியலமைப்பின் 7ஆவது பிரிவு காக்கிறது. டி.என்.ஏ.ஏ. என்றால் வழக்கிலிருந்து விடுவிப்பு, ஆனால் நிரபராதி என்ற தீர்ப்பு இல்லை. அரசு தரப்பு பிறகு மறுபடி குற்றம் சாட்டலாம். 2023 செப்டம்பர் 4 அன்று துணைப் பிரதமர் அகமட் ஸாஹிட் ஹமிடியின் 47 குற்றச்சாட்டுகளில் உயர்நீதிமன்றம் இதைக் கொடுத்தபோதுதான் அந்த நான்கெழுத்து காப்பிக் கடைவரைக்கும் வந்தது. டி.என்.ஏ.ஏ. கிடைத்தால் ஆவணங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு வையுங்கள்.

தண்டனை வந்தால் மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 14 நாள். தீர்ப்பு நாளிலிருந்து எண்ணுங்கள், அந்தக் கெடு கறாரானது. தண்டனையை நிறுத்தி வைக்கவும் மேல்முறையீடு முடியும்வரை ஜாமீனில் இருக்கவும் அதே நாளில் கேட்கலாம். அதைக் கேட்காமல் அழுதுகொண்டே வெளியே வந்துவிடுவதுதான் நடக்கிறது. அபராதத்தைக் கட்ட முடியாவிட்டால் அதற்குப் பதில் இத்தனை மாதம் சிறை என்று தீர்ப்பிலேயே சொல்வார்கள். தவணை கேட்டுப் பாருங்கள், சில நீதிபதிகள் இடம் கொடுப்பார்கள்.

கேஸ் எப்படி முடிந்தாலும், பையன் தேதிகளுக்கு ஒழுங்காக வந்திருந்தால் ஜாமீன் பணம் திரும்பி வரும். அது தானாக வீட்டுக்கு வராது. ஜாமீன்தாரர் அடையாள அட்டையும் ரசீதுமாகக் கோர்ட் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரசீது யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.